அணிலுக்குப் பதில் சொன்னவர்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்ததும், "சொல்லு, கவனமாத்தான் கீறேன்" என்று பதில் சொன்ன ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். யாரையும் சிரிக்க வைக்க அவர் அப்படிச் சொல்லவில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுத்தார், அவ்வளவுதான். வண்டி தாமதமாக வரும் என்று அறிவித்தால், "பரவால்ல, பொறுமையா வரச் சொல்லு" என்பார். பக்கத்தில் நிற்கும் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தண்டவாளத்தைப் பார்ப்பேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அடுத்த கதவு அவருடையது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் அப்பாவை அப்படிக் கூப்பிடுவார்களாம். அவர் பால்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டார். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர், இரும்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். இந்த அம்மா விடிகாலையில் கம்பெனி வாசலில் இட்லியும் வடகறியும் விற்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய போன் போட்டால் ஒரு பெண் குரல், "பதிவு செய்ய ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். "அழுத்திட்டேம்மா. நீ இன்னா, காலைலர்ந்து பேசிகினே கீற, தண்ணி கிண்ணி குடிச்சியா?" என்று கேட்பார். வெங்காய வண்டியில் பதிவு செய்த குரல் கூவிக்கொண்டே வரும். ஒருநாள் அந்த ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேராக நின்று, "நேத்து நீ குட்த்ததுல பாதி அழுகல்" என்று சண்டை பிடித்தார்.

வண்டிக்காரர், "அது ரெகார்டிங்கு அக்கா. என்னாண்ட சொல்லு" என்றார்.

"உன்னாண்ட இன்னாத்துக்கு சொல்லணும்? கூவறது அவன்தான?"

என் மனைவி ஒரு தடவை கேட்டேவிட்டாள். "மெஷினுக்குப் போயி பதில் சொல்றியேக்கா, அதுக்குக் காதா கீது?"

"கூப்ட்டா இன்னான்னு கேக்கணும். அதுக்குக் காது கீதா இல்லியான்றது அது பாடு" என்றார்.

எனக்கோ மனிதர்கள் கூப்பிட்டாலே பதில் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மட்டும்தான் முடியும். பிறகு கம்பி உருட்டும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். அது எனக்குப் பொருத்தமான இடம். உருக்குக் கம்பி சிவந்து ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் வாயசைவில்தான் பேசிக்கொள்வோம். 'தள்ளு', 'டீ வந்துடுச்சி', 'சூப்பர்வைசர் வரான்' எல்லாவற்றையும் உதட்டில் படித்துவிடுவோம். குரலே வேண்டாம்.

எனக்கு எப்போதும் இரவு ஷிப்டு. காலையில் வந்து, குளித்து, பாயில் விழுந்தால் பிற்பகல் வரை தூக்கம். வரிசை வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் திறந்தே இருக்கும். அந்த அம்மாவை நான் கண்ணால் பார்த்ததைவிட அந்த இடைவெளி வழியாகக் காதால் கேட்டதுதான் அதிகம். நான் செருப்பைக் கழற்றும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வந்துட்டியா நைனா?" என்று வரும். நான் "ம்" என்பேன். என் "ம்" சுவரைத் தாண்டாது. அவரே, "வந்துட்ட, வந்துட்ட, செருப்புச் சத்தம் கேட்டுச்சி" என்று முடித்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் அந்தக் குரல் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒருநாள் தூக்கம் கெட்டுப்போய், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல எழுந்து போனேன். அவர் கதவருகே நின்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. "இன்னா நைனா, தூக்கம் வர்லியா? உள்ள வா, டீ சாப்டு" என்றார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். சொல்லப் போனதைச் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் பகல் பொழுது சத்தமில்லாமல் ஓடும். நான் தூங்குகிறேன் என்பதற்காக என் மனைவி பாத்திரத்தைக்கூட துணி விரித்துத்தான் வைப்பாள். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது இருக்கும். பிள்ளை அழாமல் இருக்க மனைவி தன் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கிற பொம்மைப் படம். சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அணில் ஒவ்வொரு பொருளாகக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து அதன் பெயரைச் சொல்லும். பிறகு, "நீங்களும் சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று காதில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "மிக அருமை!" என்று கைதட்டிக் குதிக்கும். இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அந்த அணிலுக்குக் குரல் கிடையாது. என் தூக்கத்துக்காக மனைவி சத்தத்தை முழுக்கக் குறைத்துத்தான் கொடுப்பாள்.

மகள் அதிகம் சத்தம் போடமாட்டாள். "அப்படியே அப்பன்தான், கூச்சம்" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் காலையில் அந்த அம்மா மீந்த இட்லியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பாயில் இருந்தேன், இன்னும் தூங்கவில்லை. மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பாக்கற அம்மாடி? எனக்கும் காட்டு" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். அந்த அம்மா காத்திருந்தார். "இன்னா?" என்றார். மகள் மறுபடியும் வாயை அசைத்தாள்.

அவர் அடுப்படியில் இருந்த என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா கேக்குது இது?"

நான் பாயிலிருந்தே, "தண்ணி கேக்குது" என்றேன். மனைவி டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மகள் குடித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா நகரவில்லை. என்னையே பார்த்தார்.

"உனக்குக் கேட்டுச்சா நைனா?"

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் இதோ பக்கத்துலயே கீறேன். எனக்குக் கேக்கல. உனக்கு அங்கர்ந்து கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நான் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருந்தேன், மில்லில் பார்ப்பதைப் போல. என் மகள் தண்ணீர் கேட்பாள், பால் கேட்பாள், வெளியே போகலாம் என்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். அவள் அழுகைச் சத்தமும் தெரியும். அவள் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். காது நன்றாக இருக்கிறது, தொண்டையும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். போனைக் கையில் கொடுக்காதீர்கள், பிள்ளையோடு நிறையப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மனைவி போனை அரிசி டிரம்மில் போட்டு மூடினாள். மகள் அந்த டிரம்முக்கு எதிரே போய் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் நிறையப் பேச உட்கார்ந்தோம். "சாப்ட்டியா?" என்றேன். "சாப்ட்டேன்" என்றாள் மனைவி. அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அங்கன்வாடி டீச்சர் நல்ல மாதிரி. மனது நோகாமல்தான் சொன்னார், "சேத்துக்கறேன், ஆனா கொஞ்சமாவது பேசணும்ல? ஒண்ணுக்கு வந்தாக்கூட சொல்லத் தெரியணுமே." அன்றைக்கு மனைவி தெருக்குழாயடியில் நின்று அழுதாள். "என்னை ஒருவாட்டி அம்மான்னு கூப்ட்டா போதும்க்கா" என்றாள் அந்த அம்மாவிடம்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "போன எங்க வெச்ச?" என்று கேட்டார்.

"அரிசி டிரம்ல."

"எட்து வா."

"டாக்டரு வேணான்னு சொல்லிட்டாருக்கா."

"தனியாக் குடுக்காதன்னு சொல்லியிருப்பாரு. நான் தனியாவா உடப்போறேன்? அணிலு பேசும், நான் பேசுவேன், நடுவுல இது குந்திகினு இருக்கட்டும். சத்தத்த மட்டும் தொறந்து உடு."

"அவரு தூங்குவாருக்கா."

"எங்க ஊட்ல வெச்சிக்கிறேன்."

"சொவரு மேல தொறந்துதான கீது."

"கேட்டா கேக்கட்டும். பெத்தவன்தான?"

இப்படியாக, நான் பாயில் படுக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அணிலின் வகுப்பு ஆரம்பிக்கும். அந்த அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டோ, மாவு ஆட்டிக்கொண்டோ இருப்பார். அணில் சொல்கிற எதையும் அவர் சும்மா விட்டதில்லை.

"இது கத்தரிக்காய்!" என்று அணில் சொல்லும். படத்தில் அது ஊதா நிறமாக இருக்கும் போல. "எந்த சந்தைலடா வாங்கின? எங்க ஊர்ல பச்சையா வரி போட்டுகினு இருக்கும்" என்பார் இவர். காய்க் கூடையிலிருந்து ஒன்று தரையில் உருளும் சத்தம் கேட்கும். "தொட்டுப் பாரும்மா. அவன் காட்டுறது ஒண்ணு, சட்டிக்குப் போறது ஒண்ணு. ரெண்டும் கத்திரிக்காதான்."

அணில் புகை விடுகிற ரயிலைக் காட்டினால், "ஏண்டா, ரயிலுக்கு ஏது பொகை? பொகை கம்பெனிலதான் வரும். பாப்பா தெனம் ரயிலப் பாக்குது, அதாண்ட கேளு" என்பார். பனியில் செய்த மனிதனைக் காட்டியபோது அவருக்கே பரிதாபமாகிவிட்டது. "மூக்குல கேரட்ட சொருகிகினு நிக்கறியே, எங்க ஊரு வெயிலு உனக்குத் தாங்குமா? போ போ, உள்ள போய்டு."

கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அணில் கைதட்டுவதில்.

"சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று அது கேட்கும். மகள் வாயை அசைத்திருப்பாள். அணில், "மிக அருமை!" என்று தொடங்கும்.

"இர்ரா!" என்பார் அந்த அம்மா. பொறுடா என்று அர்த்தம். விரலைத் திரையில் அழுத்துவார். அழுத்தினால் அணில் விரித்த கையோடு அப்படியே நின்றுவிடும் என்று மனைவி சொன்னாள். "பாப்பா இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள இன்னா கைதட்ற? பிரியாணி வாங்கிகினு மீட்டிங்ல கைதட்ற ஆளா நீ? இர்ரா. பாப்பா சொல்ட்டும்."

பாயில் படுத்திருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் என் மகள் சும்மா இருக்கவில்லை. அந்த அணிலைப் பார்த்து ஒழுங்காகப் பாடம் படித்திருக்கிறாள். அது வாயைத் திறந்து மூடியது, இவளும் திறந்து மூடினாள், அது கைதட்டியது. இது போதாது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டில் நானும் அவள் உதட்டைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அணிலை நிறுத்திவிட்டு அந்த அம்மா காத்திருப்பார். அந்த நேரத்தில் வெங்காயத் தோல் உரியும் சத்தம் மட்டும் கேட்கும். இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒன்றும் வராது. "செரி, அது அப்பால சொல்லும். நீ அடுத்தத காட்டு" என்று விரலை எடுத்துவிடுவார். அவர் குரலில் சலிப்பு இருக்கிறதா என்று கவனித்துக் கேட்பேன். ஒருநாளும் இருந்ததில்லை.

மழைக்காலம் போய், வெயில் காலமும் போனது. மனைவிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. "உட்ருக்கா. உனக்கு ஏன் இந்த பேஜாரு" என்றாள்.

"எனக்கு இன்னா பேஜாரு? நான் பாட்டுக்குப் பேசிகினு கீறேன். கேக்கறதுக்கு ஒரு ஆளு கூட கீது" என்றார்.

ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அந்த ஸ்பீக்கருக்கு மேல் கத்தி வரிசையை ஒழுங்குபடுத்தியவர் இந்த அம்மாதான். மறுநாள் அவருக்குக் குரல் முழுக்கப் போய்விட்டது. காற்றுதான் வந்தது. நான் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி வாசலில் ஆட்கள் அவரைச் சூழ்ந்து நின்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். "இன்னாக்கா, இன்னிக்கு சைலண்ட் மோடா? நாஷ்டாவே எறங்கல, நீ திட்டாம." அவர் வாயை அசைத்து ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "சட்னி தீந்துடுச்சாம். வடகறிதான் கீதாம்" என்றேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வேகமாக நடந்துவிட்டேன்.

இன்றைக்காவது நன்றாகத் தூங்கலாம் என்று படுத்தேன். ஆனால் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. மில்காரர்களுக்கு அது பழக்கம். ஓடுகிற சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். சுவருக்கு அந்தப் பக்கம் அணில் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

"இது வாத்து! நீங்களும் சொல்லுங்கள் பார்க்கலாம்!"

பதில் இல்லை. வாத்தைப் பற்றி அந்த அம்மா சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அணில் காத்திருக்கும் அந்த நேரம் எனக்குப் பழகியதுதான். ஆனால் அன்றைக்கு அது மிக நீளமாக இருந்தது.

"மிக அரு…"

"இர்ரா!"

அது அந்த அம்மாவின் குரல் இல்லை. மெல்லியதாக, கொஞ்சம் கரகரப்பாக, அதற்கு முன் நான் கேட்டே இராத குரல். அணில் நின்றுவிட்டது. அந்தக் குரல் மறுபடியும், அதே மிரட்டலோடு, "பாப்பா சொல்ட்டும்" என்றது. கொஞ்சம் பொறுத்து, "வாத்து" என்றது.

பிறகு அந்த அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "நான் வாயத்தான் அசைச்சேன் நைனா. காத்துதான் வந்துச்சி. இது என் வாயவே பாத்துச்சி. பாவம், இந்தம்மாவால முடியல, நாமதான் சொல்லணும்னு நெனச்சிகிச்சி போல." வீட்டுக்காரர் லாரி வேலையை விட்டதும் அவர்கள் ஊத்துக்கோட்டைப் பக்கமே போய்விட்டார்கள். என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ரொம்பப் பேசுகிறாள், டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்கிறாள் என்று அடிக்கடி பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விடுகிறார்கள். நானும் மனைவியும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய், தலையை ஆட்டித் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம்.

ஆனால் அவள் முதலில் பேசிய அன்றைக்கு நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பாய் சத்தம் போடும், அந்தக் குரல் நின்றுவிடும் என்று பயந்தேன். தெருக்குழாயில் மனைவி வைத்த குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் அதை நகர்த்தவில்லை. மனைவிக்கும் கேட்டிருக்கிறது.

அந்தப் பக்கம் விரலை எடுத்துவிட்டார்கள். "…மை!" என்றது அணில், விட்ட இடத்திலிருந்து. அதோடு சேர்ந்து இன்னொரு கைதட்டல் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்த ஈரக் கை. ஒருநாளும் கைதட்ட விடாத அந்த அம்மா, அணிலோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் நின்றது. பிறகு என் தலைமாட்டுச் சுவரில் யாரோ விரலால் தட்டினார்கள். அந்த அம்மாவிடம் குரல் இல்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இட்லி கொண்டுவந்த அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான்.

"கேட்டுச்சி" என்றேன். சுவரைத் தாண்டும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.